தை பிறந்தால் வழி மூடும்

சுவிஸில் வாழும் எம்மவர்களுக்குச் சனியும் ஞாயிறும் பெயருக்குத்தான் ஓய்வு நாட்கள். கலியாணவீடு, பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள், அந்தியேட்டி, கோவில் திருவிழா, தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழா என்று ஏதாவது ஒன்றுக்கு வாகனத்தை எடுத்தே ஆகவேண்டும். அதுவும் பக்கத்து ஊரில் நடந்தாற் பரவாயில்லை. அகதியாக வந்து விண்ணப்பித்த காலத்தில் அரசாங்கம் எம்மைக் கன்ரோன் கன்ரோனாகப் பிரித்து அனுப்பியது. அண்ணன் சூரிச்சில், தங்கை லுகானோவில், பெரியம்மாவின் மகன் சியோனில் என்று ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று மொழிப் பிரதேசங்களில் வேர்விட்டது அப்படித்தான். இடையிலே நிற்பது அல்ப்ஸ் மலை.

இன்னொரு சங்கடமும் உண்டு. மார்கழியில் நாம் கலியாணம் வைப்பதில்லை. தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். தையும் மாசியும் மண்டபங்களுக்கு ஓய்வே இல்லை. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று ஊரிலே சொல்வோம். மழை ஓய்ந்து, வெள்ளம் வடிந்து, நெல் வீட்டுக்கு வரும் காலம் அது. இந்த நாட்டு மலைகளிலோ தையும் மாசியுந்தான் வழிகள் மூடும் மாதங்கள். இங்கு மிகப் பெரிய பனிச்சரிவுகள் நடந்த தேதிகளைப் பாருங்கள்: 1951 ஜனவரி 20, 1951 பெப்ரவரி 12, 1999 பெப்ரவரி 21. மூன்றும் எங்கள் பஞ்சாங்கத்தில் நல்ல முகூர்த்த காலம்.

புதிதாகக் குடியேறி, அண்மையில் வாகனம் வாங்கி, முதன்முறையாக மலை தாண்டிப் போக இருக்கும் குடும்பங்களுக்காகவே இக்கட்டுரை. லுசேர்னிலிருந்து லுகானோவுக்கு ஏ2 நெடுஞ்சாலையில் ஒரு மாசி மாதத்துப் பயணம் போவதாக வைத்துக்கொள்வோம். வழியிலே என்ன இருக்கிறது, முன்பு என்ன நடந்தது என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

ஏறும்போதே மாறும் வானிலை

லுசேர்ன் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 435 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கோத்தார்ட் வீதிச் சுரங்கத்தின் வடக்கு வாசலான கொஷெனன் சுமார் 1,080 மீற்றர் உயரம். ஒவ்வொரு 100 மீற்றருக்கும் வெப்பநிலை அரைப் பாகை அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் லுசேர்னில் 2 பாகையில் மழை தூறிக்கொண்டிருக்கும்போது கொஷெனனில் பூச்சியத்துக்குக் கீழே பனி கொட்டிக்கொண்டிருக்கும். வீட்டு யன்னலால் எட்டிப் பார்த்து, "வெறும் மழைதானே" என்று புறப்படுபவர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

லுசேர்னை விட்டுச் சிறிது தூரத்தில் செலிஸ்பேர்க் சுரங்கம் வருகிறது. 9 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. 1980 டிசம்பரில் திறந்தார்கள். அதைத் தாண்டினால் ஊரி கன்ரோன். இங்கிருந்து றொய்ஸ் ஆற்றோடு ஒட்டி, இரண்டு பக்கமும் செங்குத்தான மலைகளுக்கிடையே வீதி ஏறுகிறது. அல்ட்டோர்ப், எர்ஸ்ட்பெல்ட், ஆம்ஸ்ரெக், வாஸன் என்று ஊர்கள் வரும். ஆம்ஸ்ரெக்கைத் தாண்டியதும் வீதியின் மேல் கொங்கிறீற் கூரை போட்ட பகுதிகளைக் காண்பீர்கள். ஒரு பக்கம் திறந்திருக்கும், தலைக்கு மேலே தட்டையான கூரை இருக்கும். மலையிலிருந்து வரும் பனிச்சரிவும் கல்லும் வாகனத்தின் மேல் விழாமல் கூரையின் மேலால் ஆற்றுக்குள் போவதற்காகக் கட்டியவை அவை.

கொஷெனனில் நெடுஞ்சாலை ஓரமாக மிகப் பெரிய பாறை ஒன்று நிற்கிறது. அதைப் பிசாசுக் கல் என்பார்கள். மேலே உள்ள ஆற்றுப் பிளவில் பாலங்கட்ட முடியாத ஊர்ச் சனம், முதலில் பாலத்தைக் கடக்கும் உயிர் உனக்கே என்று பிசாசிடம் ஒப்பந்தம் பேசிக் கட்டுவித்துவிட்டு, கடைசியில் ஒரு ஆட்டுக்கடாவை விரட்டிவிட்டார்களாம். கோபங்கொண்ட பிசாசு பாலத்தை உடைக்கத் தூக்கி வந்த கல் அது என்பது கதை. நெடுஞ்சாலை போட வந்தபோது இந்தக் கல் குறுக்கே நின்றது. உடைத்து எறிய ஊரார் சம்மதிக்கவில்லை. 1977 இல் சுமார் 3 இலட்சம் பிராங் செலவழித்து 127 மீற்றர் தள்ளி நகர்த்தி வைத்தார்கள். வீதி அகலிக்க வந்தவர்களைப் பிள்ளையார் கோவிலடி ஆலமரத்தில் கைவைக்க விடாத எங்கள் ஊர்ச் சனம் நினைவுக்கு வருகிறது.

மலையைத் துளைத்தவர்கள்

கோத்தார்ட் கணவாயின் உச்சி 2,100 மீற்றருக்கு மேல். பனிக்காலத்தில் அந்த வீதியை மூடிவிடுவார்கள். 1980 செப்ரெம்பர் 5 ஆம் திகதி 16.9 கிலோமீற்றர் நீளமான வீதிச் சுரங்கம் திறக்கப்படும்வரை, பனிக்காலத்தில் கோத்தார்டைத் தாண்ட விரும்பியவர்கள் கொஷெனனில் வாகனத்தைப் புகையிரதத்தில் ஏற்றி ஐரோலோவில் இறக்க வேண்டியிருந்தது.

அந்தப் புகையிரதச் சுரங்கம் 1872 இல் தொடங்கி 1882 இல் திறக்கப்பட்டது. வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். 1875 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது துப்பாக்கிச் சூட்டில் நால்வர் செத்தார்கள். கட்டி முடிப்பதற்குள் விபத்துக்களில் இறந்தவர்கள் அரச கணக்கின்படி 199 பேர். ஒப்பந்தக்காரர் லூயி பாவ்ர் என்பவரே 1879 இல் சுரங்கத்துக்குள் விழுந்து இறந்துபோனார். பிறகு வந்த வீதிச் சுரங்கத்திலும் 19 பேர் உயிர் கொடுத்தார்கள். 80 கிலோமீற்றர் வேகத்தில் 13 நிமிடத்தில் நாம் கடந்துபோகும் இருட்டுக்கு இப்படி ஒரு விலை உண்டு. அந்நிய தேசத்தில் உழைக்க வந்தவர்களின் கதை என்பதால் இது எமக்கு அந்நியக் கதையாகப் படவில்லை.

சுரங்கத்துக்குள் நுழையும்போது ஒரு விடயத்தில் அவதானம் வேண்டும். வெளியே கடுங்குளிர், உள்ளே வெக்கை. குளிர்ந்த முன்கண்ணாடியில் ஈரக்காற்றுப் பட்டவுடன் கண்ணாடியின் வெளிப்புறம் சடுதியாகப் புகார் படியும். உள்ளே துணியால் துடைத்துப் பயனில்லை. வைப்பரைப் போடவேண்டும். தெரியாதவர்கள் பயந்து பிறேக்கை அமத்துவார்கள், பின்னால் வருபவர் இடிப்பார்.

2001 ஒக்டோபர் 24 இல் இந்தச் சுரங்கத்துக்குள் இரண்டு லொறிகள் மோதித் தீப்பிடித்து 11 பேர் மாண்டார்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றது புகை. சுரங்கத்தின் ஓரமாக 250 மீற்றருக்கு ஒரு பாதுகாப்பு அறை இருக்கிறது. புகையைக் கண்டால் வாகனத்தை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, திறப்பை வாகனத்திலேயே விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு அந்த அறைக்கு ஓடவேண்டும். நகைப்பெட்டியையும் பட்டுச்சேலைப் பையையும் எடுக்க நிற்கக் கூடாது. தீ விபத்துக்குப் பின்னர் லொறிகளை இடைவெளிவிட்டே உள்ளே விடுகிறார்கள். இரண்டாவது சுரங்கம் ஒன்றும் தோண்டப்பட்டு வருகிறது.

மறுபக்கம் வெளிவந்தால் ஐரோலோ. இங்கே வானிலையே வேறாக இருக்கலாம். வடக்கே பனி கொட்ட, தெற்கே வெயில் எறிக்கும். சில நாட்களில் இது தலைகீழாகவும் இருக்கும். ஆகவே லுகானோவில் இருக்கும் மச்சான் தொலைபேசியில் "இங்க நல்ல வெயில், பயப்பிடாமல் வாங்கோ" என்று சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. அவர் தன்னுடைய மலையின் பக்கத்தைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

1951, 1999

ஐரோலோவைத் தாண்டும்போது வலப்பக்க மலையையும் இடப்பக்க மலையையும் பார்த்தால், சரிவுகளில் வரிசை வரிசையாக இரும்புச் சட்டங்கள் நடப்பட்டிருப்பதைக் காணலாம். தூரத்தில் திராட்சைப் பந்தல் போலத் தெரியும். பனியை மேலேயே பிடித்து வைக்கும் தடுப்புக்கள் அவை. 1951 பெப்ரவரி 12 ஆம் திகதி இந்த ஊரின்மேல் இறங்கிய பனிச்சரிவு 10 பேரைக் கொன்றது. அதற்கு மூன்று கிழமைக்கு முன்னர், ஜனவரி 20 அன்று, கிறபுண்டனில் வால்ஸ் என்ற கிராமத்தில் 19 பேர் இறந்தார்கள். அந்த ஒரு பனிக்காலத்தில் மட்டும் சுவிஸில் பனிச்சரிவுக்குப் பலியானவர்கள் 98 பேர்.

அந்த அடிக்குப் பிறகுதான் இந்த இரும்புத் தடுப்புக்கள் நாடெங்கும் பெருவாரியாக எழுந்தன. எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று சிவப்பு, நீலம் எனப் பிரித்த ஆபத்து வரைபடங்கள் வந்தன. ஆனால் பனிச்சரிவைப் பற்றிய அறிவு அதற்கும் மிக முந்தியது. கொஷெனனுக்கு மேலே இருக்கும் ஆண்டர்மட் ஊரார், தம் ஊருக்கு மேலே நின்ற சிறு காட்டில் ஒரு மரத்தைக்கூட வெட்டக் கூடாது என்று 1397 ஆம் ஆண்டிலேயே தடைச்சாசனம் எழுதி வைத்தார்கள். விறகு இல்லாமல் குளிரில் விறைத்தாலும் அந்த மரங்களைத் தொடக்கூடாது. ஏனென்றால் பனியைத் தடுத்து நிறுத்துவது அந்த மரங்கள். டாவோசில் 1942 இல் நிறுவப்பட்ட பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் 1945 முதல் பனிச்சரிவு அறிக்கை வெளியிட்டு வருகிறது. இப்படிப் பரம்பரை பரம்பரையாகப் பனிச்சரிவோடு வாழ்ந்த அறிவை 2018 இல் யுனெஸ்கோ, சுவிஸ், ஒஸ்திரியா இரு நாடுகளின் மரபுரிமையாகப் பட்டியலில் சேர்த்தது.

இத்தனை இருந்தும் 1999 வந்தது. ஜனவரி கடைசியில் ஒரு பெரும் பனிப்பொழிவு, பெப்ரவரி தொடக்கத்தில் இன்னொன்று, பெப்ரவரி 17 இலிருந்து மூன்றாவது. ஒரு மாதத்துக்குள் சில இடங்களில் ஐந்து மீற்றருக்கு மேல் புதுப்பனி விழுந்தது. இரண்டு மாடி வீட்டின் உயரம். டாவோஸ் நிறுவனம் தனது ஐந்து படி அளவுகோலில் ஆக உயர்ந்த ஐந்தாம் படி ஆபத்தை அறிவித்தது. மலை வீதிகளும் புகையிரதப் பாதைகளும் மூடப்பட்டன. பள்ளத்தாக்குகள் பல நாட்கள் வெளியுலகத் தொடர்பின்றிக் கிடந்தன. விடுமுறைக்குப் போன ஆயிரக்கணக்கானோர் அகப்பட்டுக்கொண்டார்கள். ஹெலிகொப்டரில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது.

அந்த மாதம் சுவிஸில் விழுந்த பனியின் அளவை 1951 உடன் ஒப்பிடலாம். ஆனால் 1999 இல் இறந்தவர்கள் 17 பேர். 98 எங்கே, 17 எங்கே. மலைகளில் மக்களும் வாகனங்களும் பல மடங்கு பெருகிவிட்ட பிறகும் இந்த எண்ணிக்கை குறைந்தது. தடுப்புக்களும் வரைபடங்களும் ஒரு காரணம். "வீதி மூடப்பட்டுள்ளது" என்ற பலகையை வைத்தவர்களும், அதை மதித்துத் திரும்பிப் போனவர்களும் மற்றக் காரணம். இந்த இரண்டாவது காரணம் இரும்பைப்போலக் கண்ணுக்குத் தெரியாததால் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அந்தப் 17 பேரில் 12 பேர் ஒரே இடத்தில் இறந்தார்கள். வலே கன்ரோனில் எவோலேன் என்ற ஊர். பெப்ரவரி 21, ஞாயிறு இரவு. வீதியை மூடி, ஆபத்தான வீடுகளில் இருந்தவர்களை முன்கூட்டியே வெளியேற்றியிருக்க வேண்டும், செய்யவில்லை என்று ஊர்த் தலைவர் மீதும் பாதுகாப்புப் பொறுப்பாளர் மீதும் வழக்குப் போனது. இருவரும் குற்றவாளிகள் என்ற தீர்ப்பை 2006 இல் சமஷ்டி நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. இரண்டு நாள் கழித்து, பெப்ரவரி 23 இல், எல்லைக்கு அப்பால் ஒஸ்திரியாவின் கல்ற்றூர் கிராமத்தில் 31 பேர் இறந்தார்கள். மறுநாள் பக்கத்து வல்சூரில் மேலும் 7 பேர்.

தண்டனை கடுமையானதா, இலேசானதா என்பது வேறு விடயம். ஒரு வீதியை மூடாமல் விட்டதற்காக ஒரு அதிகாரி நீதிமன்றப் படியேற வேண்டிய நாடு இது என்பதை நாம் கவனிக்க வேண்டும். எமது மலையகத்தில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, ஆனால் சனத்தைப் பாதுகாப்பான இடத்தில் குடியமர்த்த ஆளில்லை. அறிவிப்புப் பலகையை வெறும் அரசாங்கத் தொந்தரவாகப் பார்க்கும் எங்கள் பழக்கம் எங்கிருந்து வந்ததென்று யோசித்தால், அது எங்கள் பிழை மட்டுமல்ல என்று தெரியும். அங்கே அறிவிப்புக்கள் பெரும்பாலும் எங்களைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டவை அல்ல.

கிளாலியும் கோத்தார்டும்

1990 களின் தொடக்கத்தில் ஆனையிறவுப் பாதை அடைபட்டபோது, எம்மவர்கள் கிளாலிக் கடலேரியை இரவோடிரவாகப் படகில் கடந்தார்கள். கடற்படைச் சூட்டுக்கு நடுவே, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கடந்தவர்கள் இன்று சூரிச்சிலும் பேர்ணிலும் வாழ்கிறார்கள். அவர்களிடம் போய் "பனி கொட்டுகிறது, இன்று போகவேண்டாம்" என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். "நாங்கள் பாக்காத ஆபத்தா?" என்ற அந்தக் கேள்வியை எந்தத் தமிழ் வீட்டிலும் கேட்கலாம்.

அந்தத் துணிவுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் கிளாலியில் நின்றால் ஆபத்து, போனால் தப்பலாம். கோத்தார்டில் போனால் ஆபத்து, நின்றால் தப்பலாம். பனிக்கு எம்மீது கோபமில்லை, அதை ஏமாற்றவும் முடியாது, விடியும்வரை காத்திருந்தால் வீதி துப்புரவாக்கும் வாகனம் வந்து வழியைத் திறந்துவிடும். சுவிஸ்காரர் பயந்தவர்கள் என்று எம்மவர் சிலர் பகிடி பண்ணுவதுண்டு. 1397 இலிருந்து பயந்து பயந்து, இத்தனை நூற்றாண்டாக அந்த மலையடியிலேயே பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறார்கள்.

எங்கள் பயணத்தில் இன்னொரு ஆபத்தும் கலந்திருக்கிறது. அதை மலையின் தலையில் கட்ட முடியாது. சனி இரவு உணவகச் சமையலறையில் நடுச்சாமம் மட்டும் நின்று வேலை செய்துவிட்டு, வீடு வந்து குளித்து, அதிகாலை மூன்று மணிக்கு வாகனத்தை எடுப்பவர் எத்தனை பேர்! ஒன்பது மணி முகூர்த்தத்துக்குப் பிந்தினால் சபையில் முகங்கொடுக்க முடியாது. மாப்பிள்ளைத் தோழன் அந்த வாகனத்தில் இருக்கிறார், தாலிக்கொடியும் அதிலேதான் இருக்கிறது. இப்படிப்பட்ட சாரதியிடம் வீதி மூடியிருக்கிறது என்று சொன்னால் சுற்றுப்பாதை தேடுவாரே தவிரத் திரும்பமாட்டார். கலியாணவீட்டுக்காரர்தான் இதற்கு முதலில் வழி விட வேண்டும். மலைக்கு அப்பாலிருந்து உறவினர் வரவேண்டிய தை, மாசிக் கலியாணமென்றால் முகூர்த்தத்தைப் பதினொரு மணிக்கு மேல் வைக்க ஐயரிடம் கேட்கலாம். முதல்நாளே வரச்சொல்லி நாலு வீட்டில் பாய் விரிக்கலாம். "வராட்டிக் கோபிப்பம்" என்று தொலைபேசியில் சொல்லும் அன்பு வார்த்தையைப் பனிக்காலத்தில் மட்டும் சொல்லாமல் விடலாம்.

வாகனத்தைப் பற்றிச் சில

சுவிஸில் பனிக்கால ரயர் போடவேண்டும் என்று பொதுவான கட்டாயச் சட்டம் இல்லை. இதைக் கேட்டுவிட்டுச் சிலர் கோடை ரயரோடேயே திரிகிறார்கள். அரைவாசி உண்மை இது. வாகனத்தைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருப்பது சாரதியின் பொறுப்பு என்பது சட்டம். பனியில் கோடை ரயரோடு போய் விபத்து நடந்தால் பெருங்கவனயீனம் என்று சொல்லிக் காப்புறுதி நிறுவனம் பணத்தைக் குறைக்கலாம், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம். சட்டப்படி ரயரின் பள்ளம் 1.6 மில்லிமீற்றர் இருந்தால் போதும், ஆனால் பனிக்கு ஆகக்குறைந்தது 4 மில்லிமீற்றர் வேண்டும் என்பதே நிபுணர்களின் ஆலோசனை. எப்போது மாற்றுவது? "ஓ முதல் ஓ வரை" என்று இங்கே ஒரு வாய்ப்பாடு உண்டு. ஒக்டோபர் முதல் ஓஸ்ரேர்ன், அதாவது உயிர்த்த ஞாயிறு வரை. பழைய ரயர் வாங்கும்போது மலையும் பனித்துளியும் பொறித்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீல வட்டத்துக்குள் சங்கிலி சுற்றிய சில்லுப் படம் போட்ட பலகை கண்டால் பனிச்சங்கிலி கட்டாயம். எஞ்சின் இழுக்கும் சில்லுகள் இரண்டிலாவது பூட்டவேண்டும். பூட்டிய பின் 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது. சங்கிலியை வாங்கிப் பின்பெட்டியில் போட்டுவிட்டால் மட்டும் போதாது. வீட்டு முற்றத்தில், வெளிச்சத்தில், ஒரு தடவையாவது பூட்டிப் பாருங்கள். இருட்டில், காற்றில், விறைத்த விரல்களோடு, பின்னால் ஹோர்ண் அடிக்க, கையேட்டை விரித்து ஜேர்மன் வாசித்துப் பழகுவது நடக்கிற காரியமில்லை.

புறப்படுமுன் கண்ணாடி முழுவதையும், விளக்குகளையும், கூரையையும் துப்புரவாக்க வேண்டும். சாரதியின் முகத்துக்கு நேரே தபாற்பெட்டி வாயளவு சுரண்டிவிட்டு ஓடுபவர்களைப் பொலிஸ் பிடித்தால் தண்டம் மட்டுமல்ல, அனுமதிப்பத்திரமே போகலாம். வாகனம் சூடாகட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டுவிட்டு உள்ளே தேநீர் குடிப்பதும் குற்றம், அதற்கு 60 பிராங்.

வேகத்தைப் பற்றி ஒரேயொரு கணக்கு. வேகம் இரட்டிப்பானால் பிறேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும். 40 இல் போனபோது நின்ற தூரத்தில் 80 இல் நிற்கலாம் என்று எண்ணவேண்டாம். உறைந்த வீதியில் அந்தத் தூரம் இன்னும் பல மடங்கு. பாலங்களின் மேல் வீதி முதலில் உறையும், ஏனெனில் அடியிலும் குளிர்காற்று வீசுகிறது. ஏ2 இல் எத்தனை பாலங்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பிள்ளைகள் விடயம். 12 வயது ஆகும்வரை, அல்லது 150 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை, சிறுவர் ஆசனம் கட்டாயம். தடித்த குளிர் ஜக்கற்றோடு பிள்ளையைக் கட்டினால் பட்டி உடம்போடு ஒட்டாது, இடிபட்டால் பிள்ளை வழுகி வெளியே வந்துவிடும். ஜக்கற்றைக் கழற்றிக் கட்டிவிட்டு மேலே போர்த்துவிடுங்கள். அக்காமாரும் தங்கைமாரும் சேலையையும் செருப்பையும் மண்டபத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஆளுக்கொரு சோடி சப்பாத்தும் ஒரு கம்பளியும், தேநீர்ப் போத்தலும், சாப்பாடும் வாகனத்தில் இருக்கட்டும். புட்டும் சம்பலும் சுற்றிக் கொண்டுபோகும் எங்கள் வழக்கத்தைச் சிலர் கேலி செய்வார்கள். மூன்று மணித்தியாலம் வரிசையில் நிற்கும்போது கேலி செய்தவர்களும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

பனிக்குள் வாகனம் புதைந்து நின்றால், புகை வெளிவரும் குழாயைச் சுற்றிப் பனியை அகற்றாமல் எஞ்சினை ஓடவிடவே கூடாது. புகையிலுள்ள நச்சுவாயு உள்ளே வரும், அந்த வாயுவுக்கு மணமில்லை, நித்திரையிலேயே உயிர் போய்விடும். உதவி எண்கள்: பொலிஸ் 117, அம்புலன்ஸ் 144, தீயணைப்பு 118, வாகனப் பழுதுக்கு 140, மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414.

கேட்டுவிட்டுப் புறப்படுவது

கோத்தார்ட், பூர்க்கா, கிறிம்செல், சுஸ்ரன், பெரிய சென் பேர்னாட் கணவாய்கள் பனிக்காலம் முழுவதும் மூடியிருக்கும். வழிகாட்டிக் கருவி கோடைகாலத்துப் பாதையைக் காட்டினால் நம்பவேண்டாம். கோத்தார்ட் சுரங்கம் மூடினால் லொறிகளும் கார்களும் சன் பேர்னார்டீனோ வழியைத் தேடும். அது 1967 இல் திறந்த 6.6 கிலோமீற்றர் சுரங்கம், ஆனால் அதன் வாசல் 1,600 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அதாவது கோத்தார்ட் வாசலைவிட அரைக் கிலோமீற்றர் உயரத்துக்கு ஏறவேண்டும். கோத்தார்டில் பனி அதிகம் என்று அங்கே திரும்புபவர் இதை நினைவில் வைத்திருக்கட்டும். வலே பக்கம் போவோர் காண்டர்ஸ்ரெக்கில் வாகனத்தைப் புகையிரதத்தில் ஏற்றிக் கொப்பென்ஸ்ரைனில் இறக்கலாம். கால் மணித்தியாலம். ஆனால் கடும்பனியில் இறங்கிய பிறகு வரும் வீதி திறந்திருக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும். 2018 ஜனவரியில் வலேயில் வீதியும் பாதையும் அடைபட்டு, செர்மற் ஊரில் சுமார் 13,000 உல்லாசப் பயணிகள் அகப்பட்டார்கள்.

டாவோஸ் நிறுவனத்தின் பனிச்சரிவு அறிக்கை பனிக்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு வருகிறது, காலை 8 மணிக்குப் புதுப்பிக்கிறார்கள். ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் நான்கிலும் உண்டு. பெற்றோருக்கு விளங்காவிட்டால் பாடசாலைப் பிள்ளை ஒரு நிமிடத்தில் வாசித்துச் சொல்லும். நான்கு, ஐந்து என்று இருந்தால் மலைப்பள்ளத்தாக்குகளுக்குப் பயணத்தையே யோசிக்க வேண்டும். பெருவீதி திறந்திருந்தாலும் கிளைவீதி மூடியிருக்கலாம். பனிச்சரிவு ஆபத்துப் பலகை உள்ள இடத்தில் வாகனத்தை நிறுத்திப் படமெடுக்க இறங்குவது வேண்டாம்.

ஊரி கன்ரோனில் எர்ஸ்ட்பெல்டுக்கு அருகே ஏ2 ஓரமாகப் பெரிய தரிப்பிடம் ஒன்று உண்டு. உணவகம், பெற்றோல், கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. அங்கே 1998 இல் கட்டிய சிறு வழிபாட்டுக் கூடமும் இருக்கிறது. சுவர்களுக்குப் பதிலாக உடைந்த கண்ணாடித் துண்டுகள் நிரப்பிய சாளரங்கள், உள்ளே பச்சை வெளிச்சம். எந்தச் சமயத்தவரும் உட்காரலாம். மேலே வரிசை நீண்டு, வானொலியில் நல்ல செய்தி இல்லையென்றால், திரும்புவதா காத்திருப்பதா என்று தீர்மானிக்க ஏற்ற இடம் இதுதான். இதற்கு மேலே வீதி ஒடுங்கிவிடும்.

வாகனமே வேண்டாம் என்பவர்களுக்கு 57 கிலோமீற்றர் நீளமான கோத்தார்ட் அடித்தளப் புகையிரதச் சுரங்கம் 2016 இல் திறக்கப்பட்டது. 2020 இல் செனேரி சுரங்கமும் வந்த பிறகு சூரிச்சிலிருந்து லுகானோவுக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். மலையின் அடிவயிற்றுக்குள்ளால் போவதால் மேலே எத்தனை மீற்றர் பனி கிடக்கிறது என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ஐந்து பேருக்கு ரிக்கற் செலவு கூடத்தான். பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை எடுத்து, முன்கூட்டியே சலுகை ரிக்கற் வாங்கினால் நன்றாகக் குறையும். சனி பின்னேரம் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்குத் தங்கை வீட்டில் இருக்கலாம். பலகாரத் தட்டுகளைக் கொண்டுபோவதுதான் கொஞ்சம் சிரமம். முறுக்கையும் பயற்றம் பணியாரத்தையும் ரின்னில் அடைத்துக் கொண்டுபோய், தட்டை அங்கே வாங்கி அடுக்கிக்கொள்ளலாம்.